எண்ணெய் குடித்த பிளக்

எங்கள் பக்கம் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருப்பவர் சொன்னால் அது வேதவாக்கு. பெண் பார்ப்பதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பதா, எல்லாவற்றுக்கும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். வண்டிக்கு ஊற்றும் ஆயிலை மட்டும் விட்டுவைப்பார்களா?

சுரங்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. மூத்தவர் என்று அண்ணனுக்குப் போனது. நான் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். கார் வாங்கியதும் அண்ணன், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை என் தலையில் கட்டினார். கூடவே ஒரு உபதேசம்.

"பெட்ரோல் கொறைஞ்சாலும் ஆயில தாராளமா கலந்து ஊத்துடா. இல்லன்னா எஞ்சின் ஜாம் ஆயிடும்."

ஊற்றினேன். வண்டி அடிக்கடி நடுவழியில் நின்றது. கரித்தூசு என்று நினைத்து ஏர் ஃபில்டரைக் கழுவிக் கழுவி மாட்டினேன். வடலூர் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனையெல்லாம் கன்னங்கரேல் என்று எண்ணெய் வழிந்தது. "ஆயில் எரியாம பிளக்குல தங்குது. பாதியா கொறைங்க" என்றார். பெர்மனென்ட்காரர் சொன்னதை விடவா என்று வந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் பழைய கான்ட்ராக்டர் போய்ப் புதியவர் வந்தார். முதல் நாள் காலை ஷிஃப்டுக்குக் கேட்டில் நிற்பவர்களுக்குத்தான் கேட் பாஸ், வராதவர் இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நேரத்தோடுதான் கிளம்பினேன். டவுன்ஷிப்பைத் தாண்டியதும் வண்டி இருமிவிட்டு நின்றது.

பிளக்கைக் கழற்றித் துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, எஞ்சின் மேல் வைத்துக் கிக்கரை மிதித்துப் பார்த்தேன். பொறி வரவில்லை. மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணனுடைய கார் வந்து நின்றது. அவருக்கும் அதே ஷிஃப்ட்.

"இன்னாடா, பிளக்கா?"

"ஆமாண்ணா. என்னக் கான்ட்ராக்ட் கேட்டாண்ட வுட்டுட்டுப் போண்ணா. பாஸ் குடுக்கிற நாளு."

எண்ணெயும் கரியுமாக இருந்த என் கையைப் பார்த்தார். புது சீட் கவரைப் பார்த்தார்.

"ஒன் கேட்டு அந்தப் பக்கமாச்சேடா. பிளக்க நெருப்புல கொஞ்சம் சூடு காட்டிப் போடு, கெளம்பிடும்."

கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. உள்ளே வேறு ஒருவரும் இல்லை. நானும் மானங்கெட்டுப்போய் அவர் சொன்னபடியே துணியைப் பெட்ரோலில் நனைத்துக் கொளுத்திச் சூடு காட்டினேன். வண்டி கிளம்பத்தான் செய்தது. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் இடத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் புது பிளக் ஒன்றை வாங்கிக்கொண்டு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் கேட்டே விட்டேன்.

"நெலம் ரெண்டு பேருதுண்ணா. வேலைய நீ எடுத்துக்கின, நான் வாயத் தொறக்கல. கார்ல ஒக்கார ஒரு எடம் கூடவா எனக்கு இல்ல?"

அவர் பிளக்கைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் டூட்டிக்கு லேட்டாயிடும்னு பாத்தேன்டா" என்றார்.

லேட்டானால் அவருக்கு அரைநாள் லீவு போகும். அவ்வளவுதான்.