அக்கா சொல்ல வந்தது

அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் மாமாதான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் பிடிவாதம் பிடித்தாள். உட்கார்ந்தால் அழுகைதான் முதலில் வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வலங்கைமான் பக்கத்தில் குத்தகை நிலம் உழுத குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. சிறு வயதில் பேச்சு திக்கும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே சிரித்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர்தான் அந்தச் சிரிப்புக்கு முடிவு கட்டினார். அக்கா திணறும்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பாராம். "யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. அவளே சொல்லுவா" என்பாராம். திக்கல் கடைசிவரை போகவில்லை, பயம் போய்விட்டது. பிள்ளை வாய் திறக்கும்வரை பெரியவர்கள் பொறுத்திருக்க வேண்டும், படிப்புச் சொல்லிக் கொடுப்பது என்றால் அவ்வளவுதான் என்பது அக்காவின் கட்சி.

அக்காவும் டீச்சரானார். அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தார். பாடம் முடிக்கவில்லை என்று மெமோ வாங்காத வருடம் குறைவு. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒரு பையன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, "அடுத்த பிள்ளையைக் கேளுங்க டீச்சர்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார், யோசிக்கிறான்ல."

கடைசியில் அவன் சொன்னது தப்பான விடை! "தப்பா இருந்தா என்ன சார், அவனாச் சொன்னான்ல?" என்றாராம் அக்கா. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. பாழாய்ப்போன நோய், கை காலை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் வந்தபோது தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசி நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "தம்பி, நீ..." என்று தொடங்கினார். மேலே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"தண்ணி கேக்குறாங்களோ?" என்றார் நர்ஸ்.

"அவசரப்படுத்தாதீங்க சிஸ்டர். அம்மா சொல்லட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் அக்கா மகள்.

எல்லோரும் வாய்மூடி நின்றோம். அக்காவின் கண் என்னை விட்டு நகரவே இல்லை. இருட்டுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. ஐயோ, இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கக் கூடாதா!

மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும், சுடுகாடுவரை அழுதுகொண்டே வந்த அக்காவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா என்ன சொல்ல வந்தார் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். "நீ அழாதே" என்றுதான் சொல்ல வந்திருப்பார் என்று ஆறுதலும் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது அக்கா வாயால் வந்திருக்க வேண்டிய வார்த்தை.