கல்யாண மஹாலில் சிரித்த பேய்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்துக்காக. முதல் பாகத்தையே யாரும் பார்க்கவில்லை. தைரியமாக இன்னொன்றும் எடுத்தார்கள். தியேட்டர் கிடைக்காமல் நேராக டிவிடியில் வந்தது, இப்போது யூடியூபில் கிடக்கிறது. அதில் பேயாக நடித்தவள் என் அக்கா சுமதி. போன தை மாதம் நோயில் இறந்துவிட்டாள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அபசகுனம் கழிந்துவிடுமாம். அந்தத் துண்டைப் படத்தில் சேர்க்க மாட்டார்கள். இதில் வெட்ட மறந்துவிட்டார்கள். மந்திரவாதியிடம் தோற்று விழுந்து கிடக்கும் பேய் திடீரென்று எழுந்து, பக்கவாட்டில் எதையோ பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. அம்மா அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "எதப் பாத்துடா இவ்ளோ சிரிக்கிறா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கும் தெரியாது. அந்தக் காட்சியை எடுத்த செஞ்சிக் கோட்டைக்கே போய்த் தெரிந்துகொண்டு வந்து சொல்லத்தான் இந்த மார்கழியில் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். திண்டிவனம் தாண்டியதும் ஒரே பனி. அரைத்தூக்கத்தில் பார்த்தபோது மலைகளுக்கு அடிவாரமே இல்லை. பாறைகள் மட்டும் மேலே மிதந்தன. ஒன்பதரைக்குச் செஞ்சி. ஆட்டோ ஸ்டாண்டில் அந்தக் காட்சியைப் போனில் காட்டினேன். இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். பழனி என்ற டிரைவர் மட்டும் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"இன்னா சார், நம்ம அக்கா! இவங்க மூஞ்சில வெளிச்சம் அடிக்க நான்தான் தெர்மாகோல் அட்ட புடிச்சேன். ஏறுங்க."

கோட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். கல்யாண மஹால் முற்றத்தில் பனி இன்னும் கலையவில்லை. படத்தில் பார்த்த அதே கல், அதே வளைவு. அக்கா இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போயிருக்கிறாள் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

பழனி படியோரம் காட்டினார். "இங்கதான் சார் படுத்திருந்தாங்க. டைரக்டர் சிரிம்மா சிரிம்மான்றாரு. காலைலேந்து டிபன் வரல, எங்கேர்ந்து சிரிப்பு வரும்? அன்னிக்குக் கடசி நாளு, திருஷ்டிக்கு ஒடைக்க பூசணிக்கா வச்சிருந்தாங்க. ஒரு கொரங்கு வந்து அத உருட்டி வுட்டுச்சு. புடிக்க ஓடுனாரு பாருங்க டைரக்டரு, வேட்டி அவுந்துடுச்சு! அக்காவால சிரிப்ப அடக்க முடில. கேமராவ யாருமே நிறுத்தல."

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பழனியிடம் கொடுத்தேன். அவர் வேட்டி வரைக்கும் சொல்லி முடித்தார். அப்புறம் அம்மா சிரித்தாள். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு.

போகிறவர்களுக்கு: நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். ராஜகிரி ஏறுவதானால் காலையிலேயே தொடங்குங்கள், பிற்பகலில் மேலே விடுவதில்லை. தின்பண்டம் கையில் வேண்டாம். அந்தக் குரங்கின் வாரிசுகள் அங்கேதான் இருக்கின்றன. முடிந்தால் படத்தையும் பாருங்கள். கதை ஒன்றும் புரியாது, பரவாயில்லை. கடைசியில் பேய் எழுந்து சிரிக்கும்போது பயப்பட வேண்டாம். அது என் அக்கா.