கருவேலன் வராத இரண்டாம் பாகம்

சிங்காரத்தோப்பில் கலீம் பாயின் சூட்கேஸ் கடைக்குப் போகிறவர்கள் வெறும் பெட்டியோடு திரும்பிவிட முடியாது. அவர் மனைவி ஷஹனாஸ் எழுதிய நாவலைப் பற்றி ஒரு பிரசங்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடித் தட்டில் அந்த நாவலின் இரண்டு பாகங்களும் நிற்கும். கடையில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். அந்தத் தட்டை மட்டும் முதலாளிதான் துடைப்பார்.

கலீம் பன்னிரண்டு வருஷம் சவூதியில், தமாமில், சபராளியாகச் சம்பாதிக்கப் போயிருந்த காலத்தில்தான் ஷஹனாஸ் எழுத ஆரம்பித்தார். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, பாலக்கரை வீட்டில் உட்கார்ந்து செல்போனிலேயே தட்டிய கதை அது. சாம்பல்துறை என்று ஒரு துறைமுக ஊர். அங்கே அடுப்பு, விளக்கு எல்லாம் அணைந்து, நெருப்பே இல்லாமல் போகிறது. கருவேலன் என்கிற வீரன், பெண்டாட்டி செவந்தியை விட்டுவிட்டு, கடல்யாளியின் முதுகில் ஏறி, நெருப்பைக் கொண்டுவரப் புறப்படுகிறான். மூன்று பாகக் கதை. முதல் பாகம் புத்தகமாக வந்தபோது திருச்சியில் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் எல்லாம் கொண்டாடினார்கள். ஊர் திரும்பிக் கடை போட்டிருந்த கலீமுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டாம் பாகம் வந்தது. வெளுத்து வாங்கிவிட்டார்கள்.

எழுதியவரை யாரும் தெருவில் பார்க்க முடியாது. புருஷனின் கடை நடுத்தெருவில் இருக்கிறது. ஆகவே அடி எல்லாம் கலீமுக்கே விழுந்தது. காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கும் ஜூட், முதல் பாகத்தை நாலு பேருக்குப் பரிசாகக் கொடுத்தவர், ஒருநாள் கடைக்குள் வந்து மூக்கால் அழுதார். யாளி எங்கே, சண்டை எங்கே, கருவேலன் எங்கே என்று கேட்டார். கலீம் அசரவில்லை. பாதிக்கு மேல் படியுங்கள், வருவான் பாருங்கள், வந்து ஒரு கை பார்ப்பான் என்று அடித்துச் சொன்னார்.

ஜூட் அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

"பாய், கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிட்டேன். ஆளைக் காணோம்."

கலீம் தொண்டையைச் செருமிக்கொண்டு பில் புக்கைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். உண்மை என்னவென்றால், அவர் இரண்டாம் பாகத்தைப் படிக்கவே இல்லை. முதல் பாகத்தைத் தமாமில் கேம்ப் கட்டிலில் கிடந்தபடி வாரா வாரம் செல்போனில் படித்தவர்தான். ஊருக்கு வந்து, கடை, சரக்கு, வாடகை என்று ஆனபிறகு, வீட்டிலேயே இருக்கிற புத்தகம்தானே, எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

எல்லாரும் திட்டவும் இல்லை. தில்லைநகரில் நர்ஸாக இருக்கும் ஆனந்தவள்ளி, மஸ்கட்டுக்குத் திரும்பும் கணவனுக்குப் பெட்டி வாங்க வந்தவர், முதல் பாகத்தைவிட இதுதான் உசத்தி என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் படிக்கக் கூடாத புத்தகம், ஏன் அழுகிறாய் என்று பக்கத்து சீட்டில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்.

ஆனால் திட்டியவர்களின் குரல்தான் சென்னை வரை கேட்டது. பதிப்பாளர் போன் செய்தார். மறுபதிப்பு போடத் தயார், செவந்தியின் ஊர்க்கதையைப் பாதியாக வெட்டிவிட்டு இடையிடையே கருவேலனின் கடல் சாகசத்தைச் சேர்த்துக் கொடுங்கள், மூன்றாம் பாகத்தை அப்புறம் பேசலாம் என்றார். ஷஹனாஸ் கணவரிடம் யோசனை கேட்டார். கலீம் சாப்பிட்டுக்கொண்டே, ஜனங்கள் கேட்கிறார்களே, கொண்டுவந்துவிடு என்றார். ஷஹனாஸ் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க" என்று எழுந்து போனார். மறுநாளிலிருந்து வெட்டத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த கலீம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடித் தட்டைத் திறந்து இரண்டாம் பாகத்தை எடுத்தார். கருவேலனை எந்த இடத்தில் நுழைக்கலாம் என்று தானும் பார்த்துச் சொன்னால் அவளுக்கு உதவியாக இருக்குமே என்ற எண்ணம்தான்.

சாம்பல்துறையில் ஒரு பாறை. அதன் உச்சியில் ஒரு சங்கு. ஏழு நாளைக்கு ஒருமுறை ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று சங்கில் காதை வைத்தால் கடலுக்குப் போனவர்களின் குரல் கேட்கும். பதிலும் பேசலாம். பேசுகிற எல்லாப் பெண்களும் இங்கே எல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். அது ஊர் வழக்கம். ஒரு அத்தியாயத்தில் விடாமல் மழை பெய்து செவந்தியின் அடுப்படிச் சுவர் விழுகிறது. முழங்கால் வரை சேறோடு அவள் பாறை ஏறுகிறாள். கருவேலன் தான் பார்த்த தீவுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இங்கே எல்லாம் நல்லாயிருக்கு என்கிறாள்.

கலீம் அதற்கு மேல் படிக்கவில்லை. வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கு வெள்ளி அவர்தான் போன் போடுவார். கேம்ப் சாப்பாடு, சூப்பர்வைசரின் கெடுபிடி, பாகிஸ்தான்காரன் சுட்ட ரொட்டி என்று அவர்தான் பேசுவார். ஒரு மழைக்காலத்தில் ஷஹனாஸ், அடுப்படி பழசாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுகிறேன் என்று சொன்னதும், என் வீட்டுக்காரி எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்று கேம்ப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் ஞாபகம் வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

"அடுப்படிச் சுவர் தானா விழுந்துச்சா?" என்று கேட்டார்.

ஷஹனாஸ் அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. "ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கிளம்பி வந்துருவீங்க. வந்தா திரும்பப் போக மனசு வராது. பிள்ளைங்க படிப்பு பாதியில நின்னுருக்கும்."

கலீமுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை. கருவேலனைக் கொண்டுவா என்று அன்றைக்குச் சொன்னது படிக்காமல் சொன்னது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்றார். ஷஹனாஸ் உலை வைத்தார். மீதிப் பக்கங்களைக் கலீம் அன்று ராத்திரியே படித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு கட்டடத்தின் மாடியில், வாசகர் வட்டக் கூட்டம். வட்டத்தை நடத்தும் ரங்கநாதன் முகத்துக்காகப் பேசுகிறவர் இல்லை. பாஷை அமிர்தம், ஆனால் நடுவில் நூறு பக்கம் கதை நகராமல் நிற்கிறது, நாயகனே பிரசன்னமாகாத கதையை எப்படி அனுபவிப்பது என்று கேட்டார். ஆனந்தவள்ளி எழுந்து மறுத்தார். ஜூட் ஆனந்தவள்ளியை மறுத்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அரைமணி நேரம் மல்லுக்கு நின்றது. முடிவில் ரங்கநாதன், மறுபதிப்பில் கருவேலன் வருவதாகக் கேள்விப்பட்டோமே, நிஜம்தானா என்று ஷஹனாஸிடம் கேட்டார். ஷஹனாஸின் மடியில் புதிதாக எழுதிய சாகச அத்தியாயங்கள் இருந்தன. கடைசி வரிசையிலிருந்து அதைப் பார்த்த கலீம் எழுந்தார். அவருக்கு மேடைப் பேச்செல்லாம் பழக்கமில்லை.

"நானும் ஒரு வாசகன்தாங்க. லேட்டாத்தான் படிச்சேன். கருவேலன் இதுல வரக்கூடாதுங்க. அவனுக்கு அந்த ஊர்ல நடந்தது எதுவுமே தெரியாது. தெரியாதவன் நடுவுல வந்து என்னங்க பண்ணுவான்? பன்னெண்டு வருஷம் தெரியாம இருந்த ஆளு நான் சொல்றேன்."

ஷஹனாஸ் அந்தத் தாள்களை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு மைக்கை வாங்கி, மறுபதிப்பிலும் அவன் வரமாட்டான், இந்தப் பதிப்பகம் வேண்டாம் என்றால் வேறு பதிப்பகம் பார்த்துக்கொள்கிறேன், மூன்றாம் பாகத்தில் அவன் வருவான் என்றார். வந்து என்ன செய்வான் என்று ஜூட் விடாமல் கேட்டார்.

"முதல்ல உக்காந்து, ஊர்ல என்னென்ன நடந்துச்சுன்னு கேப்பான்" என்று சொல்லிவிட்டு ஷஹனாஸ் கடைசி வரிசையைப் பார்த்தார்.

பாதிப் பேர் கை தட்டினார்கள். ஜூட் தட்டவில்லை. ரங்கநாதனும் தட்டவில்லை. கலீம் நின்றபடியே, உள்ளங்கை எரிய எரியத் தட்டிக்கொண்டிருந்தார்.