முதுகைப் பார்த்துச் சொல்வது

பூட்ஸுக்குப் பன்றிக் கொழுப்பு தடவுவது அந்த வீட்டில் எப்போதும் செஃபெரினோவின் வேலை. அன்று காலை சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு பேருடைய பூட்ஸையும் மடியில் போட்டுக்கொண்டு, எர்மெலிந்தா தடவிக்கொண்டிருந்தாள். அவர் காபிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார்.

"என்னடி இது? நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன்னு டாக்டர் உன்கிட்ட சொல்லிட்டாரா?"

"வாயைக் கழுவுங்க. காட்டுக்குள்ள, தண்ணி பிறக்கிற எடம் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"போன வருஷம் வரைக்கும் சம்பளம் வாங்கிக்கிட்டு, கால்வாயைச் சுத்தம் பண்ணிக்கிட்டு தினம் அங்கதானே நடந்தேன்? இப்ப சும்மா நடக்கணுமா?"

"நீங்க நடந்தீங்க. நான் நடந்தேனா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஜெர்ஸித் தீவில் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் நொயேமியாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மா வந்து கூட இருக்க வேண்டும் என்று போனில் அழுதாள். வருகிறேன் என்று எர்மெலிந்தா வாக்குக் கொடுத்துவிட்டாள், புருஷனைக் கேட்காமலே. அதை அவரிடம் சொல்ல வேண்டும். சூப் ஊற்றும்போது ஒரு தடவை வாயெடுத்தாள், படுக்கையை உதறும்போது ஒரு தடவை. அவர் நிமிர்ந்து பார்த்ததும், உப்புப் போதுமா, ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டுவிட்டாள்.

அவர்களுக்குள் பெரிய விஷயம் எதுவும் முகம் பார்த்துப் பேசப்பட்டதில்லை. லெவாடா என்கிற அந்த மலைக்கால்வாயின் கரையில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடக்க முடியும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாதாளம். கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சம்மதித்தது அவர் முதுகிடம். நொயேமியா வயிற்றில் வந்ததைச் சொன்னதும் அந்த முதுகிடம்தான். முகம் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. தோள் இரண்டும் மேலேறியதை மட்டும் பார்த்தாள்.

பிரிஞ்சி மரங்களின் இருட்டுக்குள் நுழைந்ததும் குளிர் வந்து ஒட்டிக்கொண்டது. கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி இலைகளில் தங்கிச் சொட்டுச் சொட்டாகக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. மரங்களுக்குப் பாசி தாடிபோல் தொங்கியது. அவளுடைய பதினைந்து வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது காடு. கம்பிவேலிதான் புதிது.

அப்போது கால்வாயில் விழும் மண்சரிவை அள்ளும் கூலிக்கூட்டத்தில் அப்பா இருந்தார். கோதுமை சூப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள்தான் கொண்டுபோவாள். தண்ணீரின் போக்கில் வருகிறவனுக்கு வழி, எதிரே போகிறவர் கால்வாய்க்குள் இறங்கி நிற்க வேண்டும் என்பது மலையின் வழக்கம். ஒரு மார்கழிக் குளிரில், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பையன் தண்ணீரோடு வந்தான். அவள் இறங்கச் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் தொப்பென்று முழங்கால் தண்ணீரில் குதித்துவிட்டான்.

"தண்ணியோட வர்றவனுக்குத்தான் வழின்னு உங்க வீட்டுல சொல்லித்தரலையா?"

"சொன்னாங்க." அவனுக்குக் குளிரில் பல் கிட்டியது. "சூப் சிந்திடுமே!"

அன்றிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு அவன் 'சூப்புக்காரன்'. கல்யாண விருந்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்தச் சூப்புக்காரர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். முதுகு சற்றே வளைந்திருந்தது. கால்வாயில் இலை அடைத்த கம்பிச் சல்லடை எது வந்தாலும் அவரால் தாண்ட முடியவில்லை. குனிந்து அள்ளி வெளியே எறிந்தார்.

"சம்பளம் நின்னுபோச்சு மனுஷா, விடுங்க."

"நான் ரிட்டயர் ஆனது இலைக்குத் தெரியாதே."

எதிரே மஞ்சளும் நீலமுமாக மழைக்கோட்டுப் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். கால்வாயைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள், ஒவ்வொருவருக்கும் அவர் பதில் சொன்னார். எர்மெலிந்தாவுக்குப் பொறுமை போயிற்று.

சுரங்கம் வந்தது. உளியால் கொத்திய பாறை தலையை இடிக்கும் உயரத்தில் இருந்தது. அவர் டார்ச்சை அடித்தார். உள்ளே தண்ணீரின் சத்தம் இரட்டித்தது. இங்கேயே சொல்லிவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள்.

"நொயேமியா கூப்பிடறா. நான் போறேன். வர்ற வாரம்."

டார்ச் வெளிச்சம் ஆடவில்லை, நடையும் நிற்கவில்லை.

"இங்க தலை குனி," என்றார்.

காதில் விழவில்லையா, விழுந்தும் விழாததுபோலப் போகிறாரா? மறுமுனையில் பச்சை வெளிச்சத்துக்குள் வந்தபோதும் தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

ஊற்றுக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்து, பூண்டு வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிரித்தார்கள். சிட்டு ஒன்று அவர் பூட்ஸ்மேலேயே வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிய்த்துப் போட்டபடியே, "எத்தனை நாளைக்கு?" என்றார்.

"குழந்தை நடக்கிற வரைக்கும்."

"உன் பொண்ணு ஒன்றரை வயசுக்குத்தான் நடந்தா."

"அது உங்க வம்சம். சோம்பேறிக் காலு."

அவர் சிரித்தார். "அங்க ராத்திரியில தண்ணிச் சத்தமே கேக்காது, தெரியுமில்ல? எல்லாம் குழாய்க்குள்ள. உருளைக்கிழங்கு தோண்ட அங்க போயிருந்தப்ப நான் தூங்கவே இல்ல."

"தூங்காம பாதியிலேயே ஓடி வந்தவர்தானே நீங்க!"

"வந்தேன். எனக்கென்ன வெக்கம்?"

எழுந்ததும், "நீ முன்னால போ," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் நடந்ததே இல்லை. பார்க்க முதுகு இல்லாமல் கைகால் எங்கோ போவதுபோல் இருந்தது. பின்னால் அவர் பூட்ஸ் சத்தம் வரும், சில இடத்தில் நிற்கும். இலை அள்ளுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தபோது கையில் இலை எதுவும் இல்லை. சும்மா நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல, நட. ஓரமா போகாத."

வீடு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் அடுப்பு மூட்டினாள். அவர் மேஜையருகே நின்றுகொண்டு, வேறெதையோ தேடுவதுபோலக் கேட்டார்:

"கோழிக்குத் தீவனம் காலையிலயா, சாயந்தரமா?"

"ரெண்டு வேளையும்."

"அந்தக் கோதுமை சூப்புக்கு முதல்ல கிழங்கா, பீன்ஸா?"

"பீன்ஸ்." அவள் கையிலிருந்த சுள்ளி அப்படியே நின்றது. சுள்ளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "அங்க ராத்திரியெல்லாம் நானும் முழிச்சிருந்து உங்களோட பேசிக்கிட்டிருப்பேன். தூங்கலேன்னா பரவாயில்ல. நீங்களும் வந்துடுங்களேன்."

செஃபெரினோ அவளைப் பார்த்தார். வாய் திறந்ததுபோலத்தான் இருந்தது. அதற்குள் மேலே கால்வாய்த் திருப்பத்திலிருந்து யாரோ, அவர்கள் வயலுக்கு முறைத்தண்ணீர் வந்துவிட்டது என்று கூவினார்கள். அவர் கதவோரத்தில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.