சாமி அலமாரியில் வைத்த மாத்திரை

இரண்டாயிரங்களின் நடுவில், காஞ்சிபுரத்தில் நடந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் ஏனாத்தூர் போகும் வழியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அக்காவும் அவள் புருஷனும் அந்த நோயில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் மகள் ஒன்பது வயதில் என்னிடம் வந்தாள். பிறக்கும்போதே அவளுக்கும் அது வந்திருந்தது. அப்பா வழிச் சொந்தம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும், விட்டுவிடுகிறேன்.

பத்து வயதில் மாத்திரை ஆரம்பித்தார்கள். காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முதல் வாரம் முழுக்க வாந்தி. "வேணாம் மாமா, நாறுது மாமா" என்று வாயை மூடிக்கொள்வாள். எனக்குக் கொஞ்சிப் பேச வராது. ஒரு பொய் சொன்னேன்.

"இது மாத்திரை இல்ல. காமாட்சியம்மா குடுக்கற பிரசாதம். துப்பாம முழுங்கினா ஒடம்புல இருக்கறது மொத்தமா பூடும்."

பாட்டிலைச் சாமி அலமாரியில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். அதில் எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. நாங்கள் இருந்தது ஒரே அறை. முன்பக்கம் வீட்டுக்காரர் தறி போட்டிருந்தார். அவர் சம்சாரம் அடிக்கடி உள்ளே வந்து போகும். பாட்டில் கண்ணில் பட்டால் அன்றைக்கே எங்கள் சாமான் தெருவுக்கு வந்துவிடும். சாமி படத்துக்குப் பின்னால் யாரும் கை வைக்க மாட்டார்கள். மருந்தைப் பற்றித் தறி ஓடும் நேரத்தில் மட்டும்தான் பேசுவோம். தறி நின்றால் வாயை மூடிக்கொள்வோம்.

பொய் நன்றாக வேலை செய்தது. மூன்று வருடம் ஒரு வேளை தவறவில்லை. கை கழுவி, கும்பிட்டுவிட்டு எடுத்துப் போட்டுக்கொள்வாள். இடையில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நோயின் பெயரைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வந்தாள். அப்போதும் கும்பிடுவதை விடவில்லை.

பதிமூன்று வயதில் பெரியவளானாள். வீட்டுக்காரம்மாதான் தண்ணீர் ஊற்றி எல்லாம் செய்தது. என்ன சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. பொம்பளை விஷயம், எனக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மாத்திரை மிச்சமாக ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலைக் கொண்டு போக வேண்டும். மீதியை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாதத்துக்குக் கொடுப்பார்கள். ஒரு மாதம் பத்து மிச்சம். "மறந்துட்டேன்" என்றாள். நான் காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவேன். வந்ததும் "போட்டியா?" என்பேன். "ம்" என்பாள். அடுத்த மாதமும் பத்து. அதற்கடுத்த மாதமும் பத்து.

நாலாவது மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இறங்கியிருந்தது. விட்டு விட்டுப் போட்டால் கிருமி பழகிவிடும், பிறகு இந்த மருந்து கேட்காது, வேறு மருந்து இங்கே கிடைக்காது என்று டாக்டர் சொன்னார்.

அக்கா கடைசியில் எவ்வளவு கனம் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். தூக்கியவன் நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க அக்கா மகளைக் கன்னத்தில் அறைந்தேன். "உங்கம்மா மாதிரி சாவணுமா?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருந்து சாப்பிடுவது பற்றி எல்லோரிடமும் பேசுவதற்கு அங்கே ஒரு பெண் இருந்தார். அவருக்கும் அதே நோய்தான், அவரே சொல்வார். ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"நீ போய் டீ குடிச்சிட்டு வாண்ணா. அடிக்கற கைக்கு இங்க வேலை இல்ல."

"ஏமாத்திக்கினு இருக்கறாம்மா இவ."

"ஏமாத்தறவளா இருந்தா மிச்சத்தைச் சாக்கடையில கொட்டிட்டு வெறும் பாட்டில கொண்டாந்திருப்பா. இவ மாசாமாசம் பத்திரமா கொண்டாந்து குடுக்கறா. அதெப்பிடி எல்லா மாசமும் சொல்லி வெச்சாப்புல பத்து? யோசிச்சியா நீ?"

யோசிக்கவில்லை. டீயும் குடிக்கவில்லை. வாசலில் அரைமணி நேரம் நின்றேன்.

பிறகு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மாதத்தில் ஐந்து நாள் சாமி அலமாரியைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறது. அங்கே மாத்திரை இருப்பது அந்தம்மாவுக்குத் தெரியாது. ஐந்து நாள், ஒரு நாளைக்கு இரண்டு, மொத்தம் பத்து. அந்த நாட்களில் தொட்டால் தீட்டுப் பட்டு, பாட்டிலில் இருக்கும் மற்ற மாத்திரையும் வேலை செய்யாமல் போய்விடும் என்று இவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மிச்சத்தைத் தூக்கிப் போடவும் பயம், பிரசாதம் ஆயிற்றே. என்னிடம் எப்படிச் சொல்வாள்? ஆம்பளையிடம் அதைப் பேசக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"பாட்டில வேற எடத்துல வைண்ணா. அது மட்டும் பத்தாது. கதை சொன்னது நீ. நீதான் அத இல்லன்னு சொல்லணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்து அவள் துணி வைக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

"இது பிரசாதம் இல்ல. கம்பெனில மிஷின்ல செய்யற மாத்திரை. இதுக்குத் தீட்டெல்லாம் கெடையாது. அப்ப நான் சொன்னது பொய்."

அவள் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப மொத்தமா பூடும்னியே, அது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நோயின் பெயர் தெரிந்த பிறகும் அவள் கும்பிட்டது அதற்காகத்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மூன்று வருடமாக வாந்தியை அடக்கி விழுங்கியிருக்கிறாள். இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"போவாது. ஒடம்புலயே இருக்கும். மாத்திரை போட்டா அடங்கிக் கெடக்கும், வுட்டா எழுந்துக்கும். கடைசி வரைக்கும் போடணும்."

"எத்தினி வருசம்?"

"அம்பது வருசம் போடு. கெழவியாவு."

அவள் சிரிக்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவும் இல்லை. அந்த நாலு நாளும் பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும். கொஞ்சம் கழித்துத் தண்ணீர் குடிக்கும் சத்தம்.

அடுத்த மாதம் அந்த நாட்களும் வந்தன. மூலையில் தனியாகப் பாய் போட்டிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கும் சீக்கிரம் வந்து வாசலில் உட்கார்ந்தேன். ராத்திரி எட்டு மணி ஆயிற்று. பெட்டி திறக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, "மணி எட்டுமா" என்று மட்டும் சொன்னேன். உள்ளே கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டி திறந்தது.

அந்த மாதம் பாட்டிலில் ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்த பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் ஏறியிருந்தது.

இப்போது அவளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. வேலைக்குப் போகிறாள். அறைந்ததைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறாள். பொய்யை மட்டும் மறக்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் "நிஜமா மாமா?" என்று ஒரு தடவை கேட்ட பிறகுதான் நம்புகிறாள். எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன்.