துருசடிப் பங்கு

எங்கள் அப்பாவுக்கும் கோயில் சுவாமியாருக்கும் ஏழாம் பொருத்தம். பூசை முழுக்க லத்தீனில் நடக்கும். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது, ஆகவே சண்டையும் இல்லை. பிரசங்கம் தமிழில் என்பதுதான் வினை. காணி வைத்திருப்பது பாவமில்லை, அதன் பலனைப் பிறருக்குக் கிடைக்காமல் பூட்டி வைப்பதுதான் பாவம், இதைப் பாப்பரசரே நிருபமாக எழுதியிருக்கிறார் என்று சுவாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அப்பா வீடு வரும்வரை புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

"குளத்திலை எவ்வளவு தண்ணி கிடக்குதெண்டு பாப்பரசருக்குத் தெரியுமோ?"

"தண்ணியைத் தெரியாது. உங்களைத் தெரிஞ்சுதான் எழுதினவர் போலை," என்றார் அம்மா.

உடையார்கட்டுக்கு அப்பால் காட்டோரம் எங்கள் ஊர். ஒரு குளம், அதன் கீழே வயல்கள். மழை பொய்த்த வருடங்களில் சிறுபோகம் என்கிற கோடைப் பயிருக்கு ஒரு வழக்கம் உண்டு. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குக் கிட்ட இருக்கிற வயலை மட்டும் விதைப்பார்கள். அது யாருடைய காணி என்று பார்ப்பதில்லை. குளத்தின் கீழ் வயல் உள்ள அத்தனை பேரும் அதைத் துண்டுகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். துருசடிக் காணி முழுவதும் எங்களுடையது. எனக்கு அப்போது எட்டு வயது. கண்டவர்கள் எல்லாம் எங்கள் வயலை உழப்போகிறார்களே என்று வயிறு எரிந்தது.

எங்கள் வயலில் வேலை செய்த கந்தையா அண்ணைக்குச் சொந்தக் காணி கிடையாது. காணி இல்லாதவருக்குப் பங்கும் இல்லை. அந்தப் போகத்தில் ஊரில் கூலி வேலையும் இல்லை. மனைவியையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூநகரிப் பக்கம் பிழைக்கப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். கைக்குழந்தைக்கு வேறு காய்ச்சல்.

அடுத்த நாள் கூட்டத்தில் ஊர்த் தலைவரான விதானையார் சீட்டு எழுதத் தொடங்க, அப்பா எழும்பினார்.

"கந்தையனுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கோ."

"அவனுக்குக் காணி எங்கை கிடக்குது?"

"என்ரை காணியிலைதானே எல்லாரும் விதைக்கப் போறியள். அதைப் பதினாலு வரியமாய் உழுதவன் அவன். அவனுக்கு இல்லாட்டி ஒருத்தருக்கும் விடமாட்டன்."

"சுவாமியார் நல்லாய் மந்திரிச்சு விட்டிருக்கிறார்," என்று யாரோ சொல்லக் கூட்டம் சிரித்தது.

"அவரின்ரை கதையை விட்டிட்டுச் சீட்டை எழுதுங்கோ," என்றார் அப்பா, முகம் சிவக்க.

சீட்டைக் குலுக்கினார்கள். துருசுக்கு மிகக் கிட்டின துண்டு கந்தையா அண்ணைக்கே விழுந்தது. எங்களுக்குக் கடைக்கோடி. வாய்க்கால் தண்ணீர் அவ்வளவு தூரம் வந்து சேராது. ஆடியில் எங்கள் பயிர் கருகியது; அண்ணையின் நெல்லோ தலை சாய்த்து நின்றது. நாள்தோறும் போய்ப் பார்த்துப் பொருமுவேன். கடவுளும் பாப்பரசர் பக்கம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

நெல் அறுக்கும் அருவி வெட்டுக்கு அண்ணைக்கு ஆள் தேவைப்பட்டது. அப்பா அரிவாளை எடுத்தார்.

"கூலிக்கோ போறியள்?" அம்மா கேட்டார்.

"எனக்கு வெட்ட என்ன கிடக்குது? வெட்டக் கிடக்கிற இடத்துக்குப் போறன்."

கதிரைச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்து முடிந்த பின்னேரம் நான் தேத்தண்ணிக் கேத்தலோடு களத்துக்குப் போனேன். அண்ணை மரைக்காலால் கூலி நெல் அளந்துகொண்டிருந்தார். வெட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் அப்பா, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி.

அண்ணை மரைக்காலைக் கீழே வைத்தார். "ஐயா, உங்களுக்கு நான் அளக்கிறதோ? வீட்டை ஒரு மூட்டை கொண்டுவந்து தாறன்."

"மற்ற ஆக்களுக்கு எவ்வளவு அளந்தனீர்?"

"ரெண்டு மரைக்கால்."

"எனக்கும் அதுதான். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அண்ணை நிலத்தைப் பார்த்தபடியே அளந்தார். அளந்து முடித்ததும் நிமிர்ந்து அப்பாவை முகத்துக்கு நேரே பார்த்தார். அப்படி அவர் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எனக்கோ மானம் போனது. காணியையும் கொடுத்துவிட்டு, அதே காணியில் எங்கள் வேலையாளிடம் சாக்கு நீட்டி நிற்கிறாரே என்று வயல் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். இரண்டு நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. துண்டு கொடுத்தது பெருமை, கூலி வாங்கியது வெட்கக்கேடு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் அந்த நெல்லை மறுத்திருந்தால், கந்தையா அண்ணைக்கு அந்த வயல் கடைசிவரை பிச்சையாகவே இருந்திருக்கும். எட்டு வயதுக்கு இதெல்லாம் எங்கே விளங்கும். அந்த நெல்லைக் குத்தி அம்மா ஆக்கிய சோற்றை அப்பா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். நான் வேண்டாம் என்று எழும்பிப் போய்ப் பட்டினி கிடந்தேன்.