சரிவில் பழகிய வீச்சு

பெரிய தொரை மூன்றாம் தடவையும் பந்தைத் தொடாமல் காற்றை அடித்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது: இதை நான் இவரைவிட நன்றாகச் செய்வேன்.

பதுளையில் தொரைமார் கோல்ப் ஆடுகிற புல்வெளியின் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். எங்கள் கடையிலிருந்து அவர்களுடைய கிளப்புக்குச் சோடாப் பெட்டி கொண்டுவந்திருந்தேன். ஒரு மலைத் தேயிலையையே அதட்டலில் ஆளுகிற மனிதர் அவர். காலடியில் அசையாமல் கிடந்த, கோழிமுட்டையிலும் சிறிய பந்திடம் அந்த அதட்டல் பலிக்கவில்லை. நாலாவது வீச்சில் தோசை அகலத்துக்குப் புல் பெயர்ந்து பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கூட நின்ற தொரைமார் காற்றைக் குறை சொன்னார்கள். காற்று என்ன செய்யும்? இடுப்பு திரும்பவில்லை, முழங்கால் விறகுக்கட்டை மாதிரி நிற்கிறது! கடைசியில் அவர் கம்பை முழங்காலில் வைத்து ஒடித்து வேலிக்கு வெளியே எறிந்தார். அந்த ஒரு காரியத்துக்குத்தான் அவர் முழங்கால் மடங்கியது.

எறிந்த கம்பின் தலைப்பகுதியைக் காலிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்து, உத்தியோகம் இதோ வருகிறது என்று அக்காள் வீட்டில் இருந்துகொண்டு அத்தானின் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் புல்வெளிக்குள் எங்களவர்கள் தொரைமாரின் கம்புப் பை தூக்கத்தான் போகலாம். நான் கம்பு பிடித்துப் போக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

எடுத்து வந்த தலையில் ஒரு காப்பிச் செடிக் கம்பைச் செருகித் தார்நூல் சுற்றினேன். பந்து பண்டாரவளை வரை ரயிலிலும் பிறகு மாட்டு வண்டியிலும் வந்து தொரைமாருக்கு மட்டும் கிடைக்கிற சாமான். எனக்குக் கடையில் கொட்டைப்பாக்கு இருந்தது. கடைக்குப் பின்னால் முற்றத்தில் மலையைப் பார்த்து நின்று பாக்கை வைத்து அடிப்பேன். அது காய்கிற சேலையில் போய் விழும்.

"ஊர்ல எல்லாரும் பாக்க வெத்தலையோட போடுவாங்க," என்றாள் அக்காள். "எங்க வீட்டுப் படிச்ச தொரதான் அத எஞ்சேலைக்குப் போடுறாரு."

உடம்புக்குப் பலம் வேண்டுமே என்று சீமையிலிருந்து ஒரு தேகப்பயிற்சிப் புத்தகம் வரவழைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் முறுக்கு மீசைக்காரன் ஒருவன் அரைக்கச்சையோடு நின்றான். காலையில் ஆளுயரக் கண்ணாடியின் முன் நிற்க வேண்டுமாம், பிறகு பச்சை முட்டையும் மாட்டிறைச்சிச் சாறும் குடிக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லே வாசற்படிக்கு வெளியேதான். ஆளுயரக் கண்ணாடிக்குப் பிஸ்கோத்து அலமாரியின் கண்ணாடிக் கதவு உதவியது. அதில் என் தோளுக்குப் பின்னால் பிஸ்கோத்து டப்பாக்கள் தெரியும். அதைப் பார்த்து விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் குறுக்கே வைத்து இடுப்பைத் திருப்புவேன். தண்டாலும் பஸ்கியும் அந்த மீசைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமென்று இல்லை. இரும்புக் குண்டுக்குப் பதில் கடை எடைக்கற்களைத் தூக்கினேன்.

"டேய், பெரிய கல்லு எங்கடா?" என்று அத்தான் கடையிலிருந்து கத்துவார். "இங்க ஆளு மூட்டையோட நிக்கிறாரு. என்னத்த வச்சு நிறுக்க? ஒன்னயத் தூக்கித் தட்டுல வைக்கவா?"

கைகள் இறுகின. பாக்கு முதலில் வேலியைத் தாண்டியது, பிறகு வேலிக்கு அப்பால் நின்ற பலாமரத்தையும் தாண்டியது. பெரிய தொரை என் முற்றத்துக்கு வந்து பாடம் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தது சின்னத் தொரை. மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்து, தோட்டத்துக்குத் திரும்புமுன் ஓய்வுக்காகப் பதுளையில் தங்கியிருந்தவர். வார நாளில் கூட ஆட ஆளில்லாமல் சலித்துப்போயிருந்தார். கடைக்குச் சுருட்டு வாங்க வந்தவர் பின்பக்கம் சத்தம் கேட்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். அக்காள் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"கம்பு காட்டு," என்றார். பிறகு, "அடி." அடித்தேன். பாக்கு பலாமரத்துக்கு மேலே பறந்தது.

"நாளைக்கிக் காலம்பர மைதானம் வா. ஓடை தாண்டி அடி. அடிச்சா தெனம் நம்மகூட ஆடு. அடிக்காட்டி பை தூக்கு."

நான் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல், "வா, லேட்டு பண்ணாதே," என்றார். தொரைமார் கற்கிற தமிழில் வா, போ, எடு, வெட்டு இவ்வளவுதான் உண்டு. படித்தவனிடமும் அதைத்தான் செலவழிப்பார்கள்.

மறுநாள் போனேன். நிஜக் கம்பு, நிஜப் பந்து, காலுக்குக் கீழே மெத்தைபோலப் புல். ஓடை அறுபது கெஜத் தூரம்கூட இல்லை. பலாமரத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு தூரமா?

வீசினேன். பந்து அங்கேயே இருந்தது. மறுபடி வீசினேன், கம்பு பந்தின் தலைக்கு மேலே உஸ்ஸென்று போயிற்று. மூன்றாவது வீச்சும் அப்படியே.

சின்னத் தொரையின் பை தூக்குகிற ஆள் பக்கத்தில் நின்றான். "என்னங்க, கொசு ரொம்பத் தொந்தரவு பண்ணுதுங்களா?" என்றான். சின்னத் தொரை தொப்பியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்து, "பை தூக்கு," என்றார்.

தூக்கினேன். தோள் எடைக்கல்லுக்குப் பழகியிருந்ததால் பை கனக்கவில்லை. கனத்தது வேறு. என் பின்னால் கைவீசி நடந்த அந்த ஆள் ஊருக்கெல்லாம் சொல்லப்போகிற கதை.

ஓடைக்கு அப்பால் புல்வெளி மேடாக ஏறுகிறது. சின்னத் தொரையின் பந்து அந்த மேட்டில் போய் நின்றது. அவர் சரிவில் கால் ஊன்றத் தெரியாமல் தடுமாறி, அடித்து, பந்தைப் பக்கத்துப் புதருக்குள் அனுப்பினார். அவருக்குப் பின்னால் பையோடு நின்ற எனக்கு அந்த மேடு சொந்த வீடு மாதிரி இருந்தது. அவர் அடிக்குமுன் பந்து அவர் பாதத்துக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில், எங்கள் முற்றத்துப் பாக்கு கிடக்கிற மாதிரியே கிடந்தது.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் சரிவைச் சரிவென்று யாரும் சொல்வதில்லை. அதற்கு முற்றம் என்று பெயர். மலையைப் பார்த்து நின்று அத்தனை நாளும் பாதத்துக்கு மேலே கிடந்த பாக்கையே அடித்திருக்கிறேன். சமதரையில் பந்து தாழக் கிடக்கிறது, என் கையோ பழைய உயரத்திலேயே போகிறது. மீசைக்காரனின் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி உண்டா? அவன் நிற்கிற தரை பக்கத்துக்குப் பக்கம் பலகை மாதிரி இருக்கிறது. பெரிய தொரைக்கோ சமதரை பிறப்புரிமை, இருந்தும் பந்து அசையவில்லை. அவருக்கு என்ன சாக்கு?

இதையெல்லாம் சின்னத் தொரையிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். முதன்முறையாக அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். சனிக்கிழமை தோட்டத்துக்குத் திரும்புகிறாராம். வெள்ளிக்கிழமை காலை வந்தால் இன்னும் ஒரு பந்து. ஒன்றே ஒன்று.

பதுளையில் எங்களுக்கென்று உள்ள ஒரே சமதரை அரிசிக் கிட்டங்கி. அதில் கூரை வரை மூட்டை. நேற்று அத்தானிடம் பாதி இடம் கேட்டேன்.

"மூட்டைய எவன் நகத்துறது? ஒந்தொரையா?"

"நானேதான்."

அத்தான் என் புஜத்தைப் பிடித்து, விலைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இத்தன நாளு கல்லத் தூக்கினதுக்கு இப்பத்தாண்டா ஒரு அர்த்தம் வருது. பாதி என்ன, முழுசையும் நகத்து. அடியில எலி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து அக்காள், "எலியயாவது அடிப்பானா?" என்றாள்.

இன்று புதன்கிழமை. சுவரோரம் ஒரு வரிசை மூட்டையை அடுக்கி முடித்தாயிற்று. பிடிப்பு விழுந்த முதுகோடு இதை எழுதுகிறேன். நாளைக் காலை தரையைக் கூட்டிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவேன். பாக்கு வேண்டாம், பந்து வேண்டாம். கம்பின் தலை அந்தக் கோட்டை உரசி, சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். அழிய அழிய மறுபடி போட்டு, கை தாழ்கிற வரை வீசிப் பார்க்கப்போகிறேன்.